கெஞ்சல் கடிதம் போதும், கணக்கை எழுதுவோம்

“ஐயா அவர்களே, நான் ஒரு ஏழை. கை கால் வழங்காதவள். உங்கள் கருணையை நம்பியே வாழ்கிறேன். பெரிய மனது வைத்து ஏதாவது பார்த்துச் செய்ய வேண்டும்.”

நமது தோட்டங்களில் இருந்து பிரதேச செயலகங்களுக்குப் போகும் உதவிக் கடிதங்களில் அதிகமானவை இப்படித்தான் தொடங்குகின்றன. டவுனில் காசு வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுப்பவர் இப்படித்தான் எழுதுகிறார். நமது சங்கக் காரியாலயங்களில் எழுதிக் கொடுத்த கடிதங்களும் இதற்கு விலக்கல்ல. பெயரையும் லயத்து இலக்கத்தையும் மாற்றி ஒரே கடிதத்தைப் பத்துப் பேருக்குக் கொடுத்திருக்கிறோம். அந்தக் குற்றத்தை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டு மற்றவர்களைப் பற்றிப் பேசுகிறோம்.

இந்தக் கடிதத்தால் என்ன நட்டம்? நம்மிடம் வந்த ஒரு சகோதரியின் கதையைக் கேளுங்கள். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது குளவி கலைந்து கொட்டியது. தப்பி ஓடியவர் கானில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. இனி மலை ஏற முடியாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அவருக்காக யாரோ எழுதிக் கொடுத்த கடிதத்தில் “ஏழை” என்ற சொல் நான்கு இடத்தில் இருந்தது. “குளவி” என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. வேலை நேரம் என்று இல்லை, திகதி இல்லை, எந்த மலை என்று இல்லை. வாசித்த உத்தியோகத்தருக்குத் தெரிந்தது ஒரு நோயாளியும் வறுமையும்தான். “பட்டியல் திறக்கும்போது பார்க்கலாம்” என்று பதில் வந்தது. எட்டு மாதம் போனது.

நாம் செய்தது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. “அக்கா, அன்றைக்கு என்ன நடந்தது?” என்று கேட்டோம். ஏழாம் நம்பர் மலை, காலைக் கொழுந்து நிறுத்து முடிந்த நேரம், பக்கத்து நிரையில் நின்ற இருவர், கூட்டிப்போன லொறி, ஆஸ்பத்திரியில் படுத்த வார்டு என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். கதை அவரிடம் முழுமையாக இருந்தது. கேட்கத்தான் ஆள் இருக்கவில்லை.

அந்தக் கதை போக வேண்டிய கதவே வேறு. வேலை செய்யும்போது வேலையினால் ஏற்படும் காயத்துக்கு, 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் தொழில் கொள்வோரிடம் நட்டஈடு கேட்கலாம். 2022இல் செய்த திருத்தத்தோடு அதன் உச்சத் தொகை 20 இலட்சம் ரூபாவானது. வேலைக்குப் போகும், திரும்பும் வழியில் நடக்கும் விபத்தும் அதற்குள் வந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கான அரசாங்கத்தின் மாதாந்த உதவியோ, 2025 வரவு செலவுத் திட்டத்தில்தான் 7,500 ரூபாவில் இருந்து 10,000 ரூபாவாக உயர்ந்தது. அந்த உதவியும் நமக்கு வேண்டும். ஆனால் நட்டஈடாகக் கேட்க வேண்டியதைத் தர்மமாகக் கேட்க வைத்தது அந்தக் கெஞ்சல் கடிதம்தான்.

இதனால் யாருக்கு இலாபம் என்று யோசியுங்கள். விபத்து “தலைவிதி” ஆகிவிட்டால் நிர்வாகத்துக்கு நிம்மதி. உரிமை “உதவி” ஆகிவிட்டால், தேர்தல் காலத்தில் சக்கர நாற்காலியோடு வந்து படம் பிடித்துக்கொள்பவருக்குக் கொண்டாட்டம். கடிதம் எழுதிக் கொடுப்பவருக்குக் காசு. வெறுங்கையோடு திரும்புவது நாம் மட்டும்தான்.

“அழுதால்தான் தருவார்கள்” என்று நம்மில் சிலர் சொல்கிறார்கள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. கண்ணீரைப் பார்த்து மனம் இளகும் நல்ல உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர் இடமாற்றம் பெற்றுப் போனால் அந்த இரக்கமும் அவரோடு போய்விடும். கோப்பில் இருக்கும் திகதியும் வைத்திய அறிக்கையும் சாட்சியின் பெயரும் எங்கும் போகாது. மேன்முறையீடு செய்யும்போது கையில் இருக்கப்போவதும் அவைதான்.

காகிதம் இல்லாத கதைக்கு என்ன நடக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நம் முன்னோரை நாடற்றவர்களாக்கியது. 1949ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் அவர்கள் விண்ணப்பித்தபோது, இத்தனை வருடம் இங்கேயே வாழ்ந்ததற்கு ஆதாரம் கேட்டார்கள். பெரும்பாலான விண்ணப்பங்கள் தள்ளப்பட்டன. அந்த அனுபவத்துக்குப் பிறகும் நாம் வெறும் கும்பிடோடு காரியாலயப் படி ஏறலாமா?

நம் மக்களிடம் இன்னொரு பழக்கமும் இருக்கிறது. கடிதத்தில் அழுபவர்கள் வைத்தியர் முன்னால் வலியை மறைக்கிறார்கள். முடியாது என்று சொன்னால் பேர் போய்விடும் என்று பல வருடம் பயந்து வாழ்ந்ததால் வந்த பழக்கம் அது. “நடப்பீர்களா?” என்று கேட்டால் “பரவாயில்லை ஐயா, சமாளிக்கிறேன்” என்கிறோம். அங்கே “நடக்கக்கூடியவர்” என்று எழுதிவிடுகிறார்கள். எத்தனை அடி நடக்கலாம், எத்தனை படி ஏறலாம், அதன் பிறகு எவ்வளவு நேரம் படுக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். உண்மைக்கு மேலே ஒரு சொல் வேண்டாம். ஒருவர் கூட்டிச் சொன்னால் அடுத்த லயத்துக்காரரையும் சந்தேகிப்பார்கள். உண்மைக்குக் கீழேயும் ஒரு சொல் வேண்டாம்.

அப்படியானால் எதை எழுதுவது?

முதலில் உழைப்பை எழுதுங்கள். எத்தனை வயதில் பேர் பதிந்தீர்கள், எத்தனை வருடம் என்ன வேலை செய்தீர்கள், செக்ரோல் இலக்கம் என்ன. இரண்டாவது, நடந்ததை எழுதுங்கள். திகதி, நேரம், இடம், பார்த்தவர்கள், யாரிடம் அறிவித்தீர்கள். பிறவியிலேயே உள்ள குறைபாடு என்றால் எப்போது, எந்த வைத்தியர் கண்டறிந்தார் என்று எழுதுங்கள். மூன்றாவது, ஒரு நாளின் கணக்கை எழுதுங்கள். பீலிக்கு எத்தனை படி இறங்க வேண்டும், மலசலகூடம் எவ்வளவு தூரம், யார் தூக்கிப் போகிறார்கள், அதற்காக வீட்டில் யாருடைய பேர் மாதத்தில் எத்தனை நாள் போகிறது, கிளினிக் போய்வர எவ்வளவு செலவு. நமது லயங்களின் படிக்கட்டும் பள்ளமும் எந்த வைத்திய அறிக்கையிலும் இருக்காது. நீங்கள் எழுதினால்தான் அது தெரியவரும்.

நான்காவது, கேட்பதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். மாதாந்த உதவியா, வீட்டு வசதியா, உபகரணமா, சுயதொழில் உதவியா? இனி வேலை செய்யவே முடியாது என்றால் ஊழியர் சேமலாப நிதியையும் ஊழியர் நம்பிக்கை நிதியத்தையும் விசாரித்தீர்களா? “ஏதாவது பார்த்துச் செய்யுங்கள்” என்று கேட்டால், ஒன்றும் செய்யாமல் இருப்பதும் ஒரு பதிலாகிவிடும். ஐந்தாவது, கிளினிக் கொப்பி, வைத்திய அறிக்கை எல்லாவற்றுக்கும் போட்டோ கொப்பி எடுத்து வையுங்கள். கொடுத்த கடிதத்தின் பிரதியில் பாரமேற்ற திகதியோடு முத்திரை வாங்குங்கள், அல்லது பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

எழுதத் தெரியாது என்று யாரும் பின்வாங்க வேண்டாம். சொல்லத் தெரிந்தால் போதும். பாடசாலைக்குப் போகும் பிள்ளை எழுதட்டும். எழுதியதைத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையொப்பம் வையுங்கள். தமிழிலேயே எழுதுங்கள். தமிழில் அரச அலுவல் செய்யும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தருகிறது. யாரும் சலுகையாகத் தருவதில்லை.

நாமும் சிலவற்றைக் கேட்கிறோம். பிரதேச செயலகங்களே, ஒரு விண்ணப்பத்தை நிராகரித்தால் காரணத்தைத் தமிழில் எழுத்தில் கொடுங்கள். முதுகெலும்பு முறிந்தவரை மூன்று முறை பஸ் ஏற்றி அலையவிடாமல் நடமாடும் சேவையைத் தோட்டத்துக்குள் கொண்டுவாருங்கள். தோட்ட நிர்வாகங்களே, விபத்து நடந்த அன்றே அதைப் பதிந்து ஒரு பிரதியை அந்தத் தொழிலாளியிடம் கொடுங்கள். காயத்தைக் காட்டச் சொல்லிப் படம் பிடிப்பவர்களே, எங்கள் லயத்துக்கு வராதீர்கள்.

நமது தோட்டத் தலைவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ஒரு கொப்பி வாங்குங்கள். மலையில் யாராவது விழுந்தால், குளவி கொட்டினால், மருந்து அடிக்கும்போது மயங்கினால், அன்று மாலையே திகதி, இடம், சாட்சி மூன்றையும் அதில் எழுதுங்கள். பழைய மாதிரிக் கடிதங்களை நாம் கிழித்துப் போட்டுவிட்டோம். இனி காரியாலயத்துக்கு வருபவரிடம் முதலில் கேட்கப்போகும் கேள்வி, “அன்றைக்கு என்ன நடந்தது?” என்பதுதான்.

இந்த மலைகளில் நாம் விட்டுவந்தது இடுப்பு, முழங்கால், கண் பார்வை. அதற்கான கணக்கைத்தான் கேட்கிறோம். கணக்குக் கேட்பவர் கைகூப்பி நிற்க வேண்டியதில்லை.