வைஃபையின் வாசல் எந்த மொழியில் பேசுகிறது?

ஒரு கல்லூரியிலோ அரசு அலுவலகத்திலோ வைஃபை அமைப்பதென்றால் முதலில் பேசப்படுவது கருவிகளின் எண்ணிக்கைதான்: எந்தச் சுவரில் எத்தனை, எந்த மாடிக்கு எவ்வளவு வேகம். யார் நுழையலாம், எவ்வாறு தம்மை அடையாளம் காட்ட வேண்டும், நுழைவுப் பக்கம் எம்மொழியில் இருக்கும் என்பவை கடைசி நேர வேலையாக ஒப்பந்ததாரரிடம் விடப்படுகின்றன. கேரளத்தின் தமிழக எல்லைப் பகுதிகளிலேனும் இந்த வரிசை மாற வேண்டும்.

2023 ஜூன் 5 அன்று தொடங்கப்பட்ட கே-ஃபோன் திட்டம் 30,000 அரசு அலுவலகங்களையும் 20 லட்சம் ஏழைக் குடும்பங்களையும் இணைப்பதை இலக்காகக் கொண்டது. இணைய அணுகல் கல்வி உரிமையின் பகுதி என்று கேரள உயர் நீதிமன்றம் 2019இல் ஃபஹீமா ஷிரின் வழக்கில் கூறியது. ஆனால் இழைவடம் கட்டடம் வரைதான் வரும். அங்கிருந்து மாணவரின் கைக்கு இணையம் சேர்வதை அந்தந்த நிறுவனத்தின் நுழைவு ஏற்பாடே தீர்மானிக்கிறது.

முதற்சிக்கல் ஓடிபி. தேவிகுளம், பீருமேடு மலைகளில் அலைபேசிச் சமிக்ஞை எட்டாத மடிப்புகள் உண்டு. வைஃபை மிகவும் தேவைப்படுவது அங்கேதான். அங்கேயும் நுழைவுப் பக்கம் குறுஞ்செய்தியில் வரும் எண்ணைக் கேட்டால், அது சாவியை அறைக்குள் வைத்துக் கதவைப் பூட்டியதற்கு ஒப்பாகும். சட்டம் ஓடிபியைத்தான் கேட்கிறது என்பார்கள். பொது இட வைஃபை பற்றித் தொலைத்தொடர்புத் துறை 2009 பிப்ரவரியில் பிறப்பித்த அறிவுறுத்தல் இரு வழிகளை அனுமதித்தது: ஒன்று குறுஞ்செய்தி, மற்றொன்று புகைப்பட அடையாள அட்டையின் நகல். இரண்டாம் வழியை நாம் மறந்துவிட்டோம்.

அடுத்த சிக்கல் மொழி. சித்தூரிலும் தேவிகுளத்திலும் தமிழ் வழியில் படிப்போர் உள்ளனர். மொழிச் சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களின் அலுவலகங்களோடு தமிழர் தமிழிலேயே கடிதத் தொடர்பு கொள்ளவும், தமிழிலேயே பதில் பெறவும் 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் வகை செய்கிறது. கடிதத்துக்குள்ள அவ்வுரிமை நுழைவுப் பக்கத்துக்கு ஏன் இல்லை? மேலும், 'ஏற்கிறேன்' என்ற பொத்தான் ஓர் ஒப்புதல். தரவுப் பாதுகாப்புக்கென 2023இல் இயற்றப்பட்ட சட்டம், ஒப்புதல் கோரும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ எட்டாம் அட்டவணை மொழிகளிலோ படிக்கும் வாய்ப்பைத் தரச் சொல்கிறது. புரியாத மொழியில் பெற்ற ஒப்புதல் ஒப்புதலாகாது.

பாதுகாப்பு குறையும் என்ற அச்சத்துக்கு இங்கு இடமில்லை. அறிவிப்புப் பலகையில் எழுதிவைத்த ஒரே கடவுச்சொல்லை ஊரே பயன்படுத்துவதுதான் ஆபத்து. படிப்பை முடித்துச் சென்றவரை மட்டும் அதிலிருந்து நீக்க முடியாது. ஆளுக்கொரு கணக்கு கொடுத்து ரேடியஸ் சேவையகம் வழியே சரிபார்த்தால், ஒருமுறை அமைத்த கருவி அடுத்த முறை தானே இணையும். ஒருவரின் அனுமதியைத் தனியே நீக்கவும் இயலும். இந்தியாவில் எர்நெட் நடத்தும் எடுரோம் சேவையில் சேர்ந்தால், அதே கணக்கு அச்சேவையுள்ள பிற கல்லூரிகளிலும் செல்லும். விருந்தினருக்கு, அடையாள அட்டையைப் பார்த்து நூலக மேசையில் தரும் நுழைவுச் சீட்டு போதும்.

எனவே திட்ட ஆவணத்தின் முதற்பக்கத்தில் மூன்று வினாக்கள் இடம்பெற வேண்டும்: அலைபேசிச் சமிக்ஞை இல்லாதவர் எப்படி நுழைவார்? மலையாளம் படிக்கத் தெரியாதவர் எதைப் படித்து ஒப்புவார்? நுழைய முடியாதவர் யாரிடம், எம்மொழியில் உதவி கேட்பார்? இவற்றுக்கு விடை எழுதிய பின் சுவரில் துளையிடலாம்.