ரிப்போர்ட் நார்மல், ஆள் நார்மலா?

அன்பு மாணவச் செல்வங்களுக்கும் உறவுகளுக்கும்,

"ரிப்போர்ட் எல்லாம் நார்மல், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்." வீட்டுப் பெரியவர்களை ஆஸ்பத்திரியில் சேர்த்தவர்கள் எல்லோரும் கேட்ட வார்த்தை. எனக்குச் சண்டையே இந்த வார்த்தையோடுதான்.

சமீபத்தில் என் பெரியம்மா நிமோனியாவுக்காகப் பத்து நாள் ஓர் ஆஸ்பத்திரியில் இருந்தார். வயது 84. போகும்போது தானே நடந்து பாத்ரூம் போனவர். திரும்பும்போது இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. ஃபைலில் ரத்தம், எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் இருந்தன. எழுந்து நடக்கிறாரா என்று ஒரு வரி இல்லை. கேட்டால், "வயசாயிடுச்சுல்ல, அப்படித்தான்" என்றார்கள். பத்து நாளில் எத்தனை வயது கூடும்? முதியவர்கள் படுக்கையிலேயே கிடந்தால் கால் தசை வேகமாகக் கரையும். அது வயதின் குற்றமில்லை, கவனிக்காதவர்களின் குற்றம்.

ஒரு பாடத்தில் 90 வாங்கிவிட்டான் என்பதற்காக, மற்ற பாடங்களைத் திருத்தாமலே எந்த ஆசிரியராவது 'பாஸ்' போடுவாரா?

இதற்கு விலையுயர்ந்த மெஷின் வேண்டாம். அமெரிக்க மருத்துவர் காட்ஸும் அவர் குழுவினரும் 1963-லேயே ஆறு விஷயங்களை வகுத்துக் கொடுத்தார்கள்: குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போவது, படுக்கையிலிருந்து எழுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, தானே சாப்பிடுவது. இன்னொரு சோதனை: நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்வது. கைக்கடிகாரம் போதும். இவற்றோடு ஞாபகம், மனநிலை, எடை, கண், காது, மாத்திரைகளின் எண்ணிக்கை, வீட்டில் துணைக்கு யார் என்பதையும் சேர்த்துப் பார்த்துச் சிகிச்சையைத் திட்டமிடுவதுதான் முதியோருக்கான முழு மதிப்பீடு.

"டாக்டருக்கு நேரமில்லை" என்பார்கள். ஆறு கேள்வியை நர்ஸ் கேட்கலாமே! பலன் இல்லையென்றும் சொல்ல முடியாது. 2017-ல் வந்த காக்ரேன் தொகுப்பு 29 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. இப்படி மதிப்பிட்டுக் கவனிக்கப்பட்ட முதியவர்கள், மாதங்கள் கழித்தும் உயிரோடு தங்கள் வீட்டிலேயே இருக்கும் வாய்ப்பு அதிகம் என்றது. நம் ஊருக்கும் இது புதிதல்ல. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978-லேயே டாக்டர் வி.எஸ். நடராஜன் முதியோர் பிரிவைத் தொடங்கினார். கிண்டியில் 2024-ல் முதியோருக்கென்றே தேசிய மையம் திறந்தார்கள். அங்கே தெரிந்தது மற்ற வார்டுகளுக்கு ஏன் வந்து சேரவில்லை?

என்னிடம் படித்துவிட்டு இன்று டாக்டராகவும் நர்ஸாகவும் இருக்கும் பிள்ளைகளே, உங்கள் வார்டில் அந்த ஆறு கேள்விகளை நாளைக்கே தொடங்குங்கள். மற்றவர்கள், பெரியவர்களைச் சேர்க்கும் அன்றே அவர்களால் என்னென்ன முடிகிறது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். டிஸ்சார்ஜ் அன்று அதே தாளை நீட்டி, "இதில் எது குறைந்திருக்கிறது, ஏன், இனி என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து போனில் விசாரிப்பவர்கள் "சுகர் எவ்வளவு?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "அம்மா, இன்னிக்கு நீங்களே எழுந்து நடந்தீங்களா?" என்று கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்