ஏழரை மணிப் பள்ளியும் ஆறேகால் மணிச் சூரியனும்

1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னே ஓடத் தொடங்கின. சபா, சரவாக்கோடு சேர்ந்து நாடு முழுவதும் ஒரே நேரம் வேண்டும் என்று மகாதீர் அரசு எடுத்த முடிவு அது. சூரியன் மட்டும் பழைய கணக்கிலேயே இருக்கிறது. கெடாவின் சுங்கைப்பட்டாணியில் அது உச்சிக்கு வரும்போது சராசரியாகப் பகல் மணி 1.18. அப்படியானால் பள்ளி மணி அடிக்கும் காலை 7.30, சூரியக் கணக்கில் ஏறக்குறைய 6.12தான். தோட்டத்திலிருந்து பட்டணத்து இடைநிலைப்பள்ளிக்குப் பஸ் ஏறும் பிள்ளை கும்மிருட்டில் எழுந்து கிளம்புகிறது.

வகுப்பில் கண் சொருகும் அந்தப் பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டுவதற்கு முன், மூளை விஞ்ஞானம் என்ன சொல்கிறது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் உயிர்க்கடிகார ஆய்வை வளர்த்தார். அவரும் ஜி. மாரிமுத்துவும் மற்றவர்களும் மதுரைப் பக்கத்துக் குகைகளில் வௌவால்களைக் கூண்டில் வைத்துக் கவனித்தனர். வெளிச்சம் எட்டாத இருட்டிலும், தினமும் வெளியே பறந்து திரும்பும் கூட்டத்தோடு இருந்த வௌவால் நேரம் தவறவில்லை. கூட்டமில்லாத குகையில் தனியே இருந்தது, தன் உடம்பின் கணக்குப்படி வெளியுலக நேரத்திலிருந்து விலகிக்கொண்டே போனது. மனிதர்களையும் கடிகாரமில்லாத, வெயில் படாத அறையில் தங்கவைத்து ஆராய்ந்தார்கள். 1981இல் வெளிவந்த அந்த வௌவால் ஆய்வைத் தமிழர்கள் இன்னும் கூடுதலாகக் கொண்டாடியிருக்க வேண்டும்.

நம் மூளையில் அந்தக் கடிகாரம் ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட சிறு கொத்து. கண்ணில் விழும் காலை வெளிச்சம்தான் அதைத் தினமும் திருத்துகிறது. இதோடு, விழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்து நம்மைத் தூக்கத்துக்கு நெருக்குகிறது. கோப்பி குடித்தால் அந்த நெருக்குதல் மறைகிறதே தவிர, தீர்வதில்லை. 1998இல் மசாஷி யனகிசவா, தக்கேஷி சக்குராய் குழு ஓரெக்சின் என்ற பொருளைக் கண்டறிந்தது. அதே ஆண்டில் அமெரிக்கக் குழு ஒன்றும் வேறு பெயரில் அதைக் கண்டது. நம்மை விழிப்பில் பிடித்து நிறுத்துவது அதுதான். அதைச் சுரக்கும் அணுக்களை இழந்தவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிடுகிறார்கள். விழிப்பு என்பது மன உறுதி மட்டும் சார்ந்ததல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பருவ வயதில் இந்தக் கடிகாரம் பிந்துகிறது என்பதை மேரி கார்ஸ்கடன் பல ஆண்டு ஆய்வுகளில் காட்டினார். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இரவு பத்து மணிக்குத் தூக்கம் வராததற்குக் கைப்பேசி மட்டுமே காரணம் அல்ல.

“பால் மரம் வெட்டப் போனவர்கள் விடியுமுன்னே ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நிற்கவில்லையா?” என்று பெரியவர்கள் கேட்பார்கள். நின்றார்கள். வெயில் ஏறினால் மரத்துக்குள் நீர் அழுத்தம் குறைந்து பால் சரியாக ஓடாது. மரமும் சூரியனைப் பார்த்தே நடக்கிறது. ஆனால் அவர்கள் வளர்ந்தவர்கள். பால் நிறுத்துக் கொடுத்த பிறகு மதியத்தில் கண் அயரவும், இரவில் சீக்கிரம் படுக்கவும் முடிந்தது. மாலையில் டியூஷன், புறப்பாடம், வீட்டுப்பாடம் என்று ஓடும் பிள்ளைக்கு அந்த இடைவெளி கிடையாது.

அந்தத் தோட்டத்துக் குடும்பங்களில் பல இன்று கூலிம், சுங்கைப்பட்டாணித் தாமான்களில் இருக்கின்றன. அப்பாவோ அம்மாவோ தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இலும் 2019இலும் இரவு வேலையைப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியவற்றின் பட்டியலில் வைத்தது. தொழிற்சங்கங்கள் சம்பளத்தோடு சேர்த்துப் பேச வேண்டிய விஷயம் இது.

பள்ளிக்கான தீர்வோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014இல் இடைநிலை, உயர்நிலைப் பள்ளிகள் 8.30க்கு முன் தொடங்கக் கூடாது என்றது. கலிபோர்னியா 2022இல் உயர்நிலைப்பள்ளிகளுக்கு அதையே சட்டமாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கெடாவில் காலை, மாலை என இரு நேரம் நடக்கும் பள்ளிகளில் இது கடினம்தான். ஒரு நேரம் மட்டும் நடக்கும் இடைநிலைப்பள்ளிகளில், எஸ்.பி.எம். எழுதும் ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு மட்டுமாவது ஓராண்டு 8.30 மணிக்கு வகுப்பைத் தொடங்கிப் பார்க்கலாம். பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் அடுத்த கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாக எழுதி, மாநிலக் கல்வி இலாகாவுக்கு அனுப்பட்டும்.