மணமுறிவுக்குக் குற்றவாளி எதற்கு?

குடும்பநல நீதிமன்றத்தின் படியேறும் கணவனிடமும் மனைவியிடமும் சட்டம் கேட்கும் முதற்கேள்வி, தவறு யாருடையது என்பதே. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் தன் 13ஆம் பிரிவில் மணமுறிவுக்கான காரணங்களை வகுத்திருக்கிறது: பிறர்மனை உறவு, கொடுமை, இரண்டாண்டுக் காலம் கைவிட்டிருத்தல், மதமாற்றம், தீராத மனநோய், துறவு, ஏழாண்டுகளாக உயிரோடிருப்பதாகச் செய்தியே இல்லாமை முதலியன. நோயும் துறவும் மறைவும் அரிதாக நேர்வன. ஒத்துவாராமல் பிரிய நினைப்போர் 'கொடுமை' என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் தம் வாழ்வை அடைக்க நேர்கிறது.

மெய்யாகவே கொடுமைக்கு ஆளானவர் அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். அவருக்கு இச்சட்டம் அரண். நாம் கவலையுறுவது மற்றவர்களைப் பற்றி. இயல்பு ஒவ்வாமல், அன்பு வற்றி, ஒரே கூரையின் கீழ் அயலாராய் வாழ்ந்து ஓய்ந்தவர்கள், மனு எழுதும் நாளில் ஒருவரையொருவர் கொடியவராகக் காட்டவேண்டியிருக்கிறது. படுக்கையறைப் பூசலும் மாமியார் சொன்ன சொல்லும் பத்தி எண் இடப்பட்டுத் தட்டச்சாகின்றன. எதிருரை அதனினும் கடுமையாக வருகிறது. குறுக்கு விசாரணையில் சுமத்தப்பட்ட பழி, தீர்ப்புக்குப் பின்னும் ஆறுவதில்லை. அவ்விருவரும் ஒரு பிள்ளைக்குத் தாயும் தந்தையுமாக இன்னும் பல்லாண்டு வாழவேண்டியவர்கள் என்பதைச் சட்டம் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

1976இல் சேர்க்கப்பட்ட 13பி பிரிவு வேறொரு வழி திறந்தது. ஓராண்டு பிரிந்து வாழ்ந்த இருவரும் மனமொத்து மனுச்செய்து, ஆறு மாதம் கழித்து மீண்டும் வந்து உறுதிசெய்தால், எவர் குற்றமும் மெய்ப்பிக்கப்பட வேண்டுவதில்லை. இணைய வழியே இல்லையெனக் கண்டால் அந்த ஆறு மாதத்தையும் தளர்த்தலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் கூறியது. நல்ல வழிதான், ஆயினும் கையொப்பம் இரண்டு வேண்டும். ஒருவர் மறுத்தால் கதவு அடைபட்டது. அந்தக் கையொப்பத்துக்கு விலை பேசப்படுவதை நீதிமன்ற வராந்தாக்களை அறிந்தோர் அறிவர்: நகையைத் திருப்பிக் கேளாதே, ஜீவனாம்சத்தை விட்டுவிடு, பிள்ளையைப் பார்க்க வாராதே. வழக்கை ஆறு மாதத்தில் முடிக்க முயலவேண்டும் என்று அதே சட்டத்தின் 21பி பிரிவு சொல்கிறது. வாய்தாக்களோ ஆண்டுகளைத் தின்கின்றன.

இந்த இடைக்காலத்தில்தான் 'வாழாவெட்டி' என்ற சொல் பெண்ணின் மேல் விழுகிறது. பிறந்த வீட்டில் அவளுக்கு உண்ணச் சோறும் உறங்க இடமும் கிடைக்கலாம். மங்கல நிகழ்ச்சியில் முன்னே நிற்க இடம் கிடைப்பதில்லை. தங்கைக்கு வந்த வரன் தட்டிப்போனால் அவள் பெயரே அடிபடும். ஆணுக்கும் துயர் உண்டு. அதை வாய்விட்டுச் சொல்ல அவனுக்கு எவரும் கற்பிக்கவில்லை. ஆனால் அவனைச் சுட்ட இத்தகைய இழிசொல் ஒன்றை நாம் ஆக்கிவைக்கவில்லை. இதனை மரபு என்று சாதிப்போர் ஒன்றை நினைவுகூர வேண்டும். நம் நாட்டுச் சமூகங்கள் பலவற்றில், ஊர்ப் பெரியோர் முன் அறுத்துவிட்டு மறுமணம் செய்யும் வழக்கம் இருந்தது. 1955ஆம் ஆண்டுச் சட்டமும் தன் 29ஆம் பிரிவில் வழக்காற்று மணமுறிவைக் காத்தது. அதற்கும் முன்பே, 1949இல், சென்னை மாகாணம் இந்துக்களுக்கு மணவிலக்கு உரிமை அளித்துச் சட்டம் இயற்றியது.

பெண்கள் அறியாமையால் இழப்பவை மிகுதி. 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி மனைவி தான் வாழும் ஊரிலேயே மனுச்செய்யலாம். மணத்தின்போது அவளுக்கு அளிக்கப்பட்ட நகையும் பொருளும் அவளுடைய உடைமை என்று 1985இல் உச்ச நீதிமன்றம் ஐயமற உரைத்தது. வருமானம் எவ்வளவாயினும் பெண்ணுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. இடைக்கால ஜீவனாம்ச மனுவை இயன்றவரை 60 நாளில் முடிக்கவேண்டும். இருவரும் தம் சொத்தையும் கடனையும் உறுதிமொழிப் பத்திரத்தில் வெளிப்படுத்தவேண்டும் என்றும், ஜீவனாம்சம் மனுச்செய்த நாளிலிருந்தே கணக்கிடப்படவேண்டும் என்றும் 2020இல் உச்ச நீதிமன்றம் நெறி வகுத்தது. இவற்றை மண்டபத்தில் மொய் எழுதும் நாளில் எவரும் சொல்லித் தருவதில்லை.

மீட்கவியலாதபடி முறிந்த மணத்தைக் கலைக்கத் தனக்கு அதிகாரம் உண்டென்று, அரசமைப்பின் 142ஆம் உறுப்பைக் கொண்டு, உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு 2023 மே 1 அன்று தீர்ப்பளித்தது. அந்த அதிகாரம் தில்லியில் உள்ள அந்த ஒரு மன்றத்துக்கே உரியது. நாங்குநேரியில் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் பெண் அவ்வளவு தொலைவு செல்ல இயலுமா? முறிவையே காரணமாக ஏற்கவேண்டும் என்று சட்ட ஆணையம் 1978இலும் 2009இலும் பரிந்துரைத்தது. மூன்றாண்டு பிரிந்து வாழ்தலை அடிப்படையாகக் கொண்ட மசோதா 2010இல் வந்தது. 2013இல் மாநிலங்களவை அதை ஏற்றது. மக்களவை ஏற்காமலே காலாவதியானது.

மனைவியை எளிதில் கைகழுவ ஆணுக்கு இது வாய்ப்பாகும் என்ற அச்சத்தை நாம் புறந்தள்ளவில்லை. சம்பாத்தியம் அற்ற பெண்ணுக்கு மணமுறிவு என்பது தெருவில் நிற்பதாகவும் முடியும். அதனாலேயே அந்த மசோதா, கடும் பொருளிடர் நேரும் எனின் மனைவி எதிர்க்கலாம் என்றும், பிள்ளைகளின் பராமரிப்புக்கு ஏற்பாடு செய்யாமல் மணத்தைக் கலைக்கலாகாது என்றும் விதித்தது. அக்காப்புகளை இன்னும் இறுக்குக. கணவன் ஈட்டிய சொத்தில் அவளுக்குரிய பங்கைத் தீர்ப்புக்கு முன்பே வரையறுத்திடுக. மாநிலங்களவை ஏற்ற வாசகம் அவையின் ஏடுகளில் இருக்கிறது. தமிழகத்திலிருந்து சென்றுள்ள உறுப்பினர்கள் அதை அடுத்த கூட்டத்தொடரிலேயே மீண்டும் முன்மொழிய வேண்டுமெனக் கோருகிறோம்.