அரபி படிக்கப் போய் ஆங்கிலத்தில் ஃபைல் பார்ப்பவர்கள்

வேலை உண்டு. மாதாமாதம் ஸ்டைபண்ட் உண்டு. ஒரு வருடம் கெய்ரோவில் வாசம். போதாக்குறைக்கு அரபி வகுப்பும் உண்டு! டிகிரி வாங்கிய சூட்டோடு இப்படி ஓர் அழைப்பு வந்தால் யாருக்குத்தான் கசக்கும்?

கெய்ரோவின் அமெரிக்கன் பல்கலைக்கழகம் 1919ல் தொடங்கியது. அமெரிக்காவில் படித்து முடித்த இளைஞர்களை வரவழைத்து, பகலில் பல்கலைக்கழக அலுவலகங்களில் வேலை, கூடவே அரபிப் படிப்பு என்று ஒரு ஃபெல்லோஷிப்பை அது பல வருடங்களாக நடத்தி வந்திருக்கிறது. 'பிரசிடென்ஷியல் அசோசியேட்ஸ்' என்று பெயர். கேட்கவே ஜோராக இருக்கிறது, இல்லையா? ஆனால் இந்த மாதிரித் திட்டங்களில் 'அரபி' என்பது பெரும்பாலும் விளம்பரத்தில் மட்டும்தான் பெரிய எழுத்தில் இருக்கிறது. கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

அமெரிக்க வெளியுறவுத் துறைக்கு, தன் அதிகாரிகளுக்கு மொழி கற்றுக்கொடுக்கவென்றே ஒரு பயிற்சி நிறுவனம் இருக்கிறது. ஆங்கிலக்காரர்களுக்கு மிகக் கடினமான மொழிகள் என்று அது ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. சீனம், ஜப்பான், கொரிய மொழிகளோடு அரபியும் அதில் உண்டு. வேலையைத் திறமாகப் பார்க்கும் அளவுக்கு அரபி வர 88 வாரம், 2200 வகுப்பு மணி நேரம் வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. இந்தப் பக்கம் ஃபெல்லோஷிப்காரரைப் பாருங்கள். காலையிலிருந்து மாலை வரை ஆபீஸ். தாராளமாகவே வாரம் 10 மணி நேர வகுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 வாரத்துக்கு 400 மணி. 2200ல் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை!

"வகுப்பு எதற்கு? அந்த ஊரில் இருந்தாலே மொழி தானாக ஒட்டிக்கொள்ளாதா?" என்று கேட்பார்கள். ஒட்டிக்கொள்ளும்தான், அந்த ஊருக்குள் இருந்தால். அந்தப் பல்கலைக்கழகத்தின் பயிற்று மொழி ஆங்கிலம். ஃபெல்லோவை வேலைக்கு எடுப்பதே அவருடைய ஆங்கிலத்துக்காகத்தான். 2008ல் பல்கலைக்கழகம் தஹ்ரீர் சதுக்கத்துப் பழைய வளாகத்திலிருந்து நகருக்குக் கிழக்கே பாலைவனத்தில் எழுந்த நியூ கெய்ரோவுக்கு, 260 ஏக்கர் வளாகத்துக்கு, குடிபோய்விட்டது. கெய்ரோவிலேயே அரபி இல்லாமல் காலம் தள்ளக்கூடிய இடம் எது என்று தேடினால் முதலில் கிடைப்பது இப்படி ஒரு வளாகம்தான். அரபி கற்க அங்கே கொண்டுபோய் உட்கார வைப்பது, நீச்சல் கற்கக் கடற்கரை லாட்ஜில் ரூம் போட்டுக் கொடுப்பது மாதிரி.

அடுத்தது, எந்த அரபி? புத்தக அரபி வேறு, பேச்சு அரபி வேறு. எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் விலகி நிற்பதைத் தினமும் பார்க்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ரொட்டிக்குப் புத்தகத்தில் 'குப்ஸ்'. கெய்ரோ கடையில் 'ஏஷ்'. அந்த 'ஏஷ்' வாழ்வு என்ற பொருள் தரும் வேரிலிருந்து வந்த சொல். 2011 ஜனவரியில் தஹ்ரீரில் கூடிய மக்கள் "ஏஷ், சுதந்திரம், சமூக நீதி" என்றுதான் முழங்கினார்கள். புத்தக அரபி மட்டும் தெரிந்தவருக்கு அந்த முழக்கத்தின் முதல் சொல்லே நழுவிவிடும். பேச்சு மட்டும் தெரிந்தவருக்கு மறுநாள் பத்திரிகையின் தலையங்கம் ஓடாது. இரண்டும் வேண்டும். 400 மணி நேரத்தில் இரண்டையும் எப்படிப் பிடிப்பது?

இதே பல்கலைக்கழகத்தில் 1967ல் 'காசா' என்ற அரபிப் படிப்பு மையம் தொடங்கியது. ஏற்கெனவே அரபி நன்றாகத் தெரிந்தவர்களைத்தான் அது எடுத்தது. எடுத்தும் வேலை கொடுக்கவில்லை. முழுநேரமும் படிப்பு, பேச்சும் எழுத்தும் சேர்த்து. அரபி தெரிந்தவருக்கே முழு வருடம் தேவைப்படும்போது, அலிஃப் பா படிக்கிறவருக்கு மட்டும் மாலை நேரத்து மிச்சம் போதுமா?

எதிர்வாதங்களும் இருக்கின்றன. காசில்லாத பட்டதாரிக்கு ஸ்டைபண்ட் இல்லாமல் கெய்ரோ எட்டாது. நியாயம்தான். குறைக்க வேண்டியது வேலை நேரத்தை, ஸ்டைபண்டை அல்ல. ஒரு சம்பளத்தில் முழு ஊழியரையும் முழு மாணவரையும் சேர்த்து வாங்கப் பார்த்தால் கடைசியில் ஊழியர்தான் மிஞ்சுவார்.

இன்னொன்று பாதுகாப்பு. இதைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. இதே பல்கலைக்கழகத்தோடு இணைந்து தெருவியாபாரிகளின் தொழிற்சங்கங்களை ஆராய்ந்து வந்த கேம்பிரிட்ஜ் மாணவர் ஜூலியோ ரெஜேனி 2016 ஜனவரி 25ல் கெய்ரோவில் காணாமல் போனார். பிப்ரவரி 3ல் சித்திரவதைத் தழும்புகளோடு உடல் கிடைத்தது. அதற்குப் பிறகு "தெருவில் இறங்கிப் பழகு" என்று யாரையும் லேசாக அனுப்பிவிட முடியாது. ஆனால் வளாகத்துக்குள்ளேயே நூலகமும் கணக்குப் பிரிவும் பராமரிப்புப் பிரிவும் இருக்கின்றன. எகிப்திய ஊழியர்கள் தங்களுக்குள் அரபியில்தான் பேசிக்கொள்கிறார்கள். ஃபெல்லோவை ஆங்கில அறிக்கை திருத்த வைப்பதற்குப் பதில் அவர்கள் பக்கத்தில் ஒரு மேஜை போட்டுக் கொடுத்தால் என்ன?

ஆகவே, இப்படி எந்த ஊரிலிருந்து அழைப்பு வந்தாலும் கையெழுத்துக்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். வேலை எந்த மொழியில்? வாரத்துக்கு வகுப்பு எத்தனை மணி? வேலைக்கும் வகுப்புக்கும் நேரம் மோதினால் எது நகரும்?

மூன்றாவதுக்கு "வகுப்பு" என்று பதில் வந்தால் அது வெறும் உத்தியோகம். உத்தியோகம் பார்ப்பதில் தப்பே இல்லை. ஆனால் அதற்கு மொழிப் படிப்பு என்று போர்டு மாட்டி, இருபத்திரண்டு வயதின் ஒரு முழு வருடத்தை வாங்கிக்கொள்வது நேர்மையான வியாபாரம் இல்லை.