மலைப் பிள்ளைக்குத் துணை யார்?

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போக வேண்டும்.

2020 மார்ச்சில் கொரோனா பரவியது. பள்ளிக்கூடங்களை மூடினார்கள். 1 முதல் 8-ம் வகுப்பு வரை மீண்டும் திறந்தது 2021 நவம்பர் 1-ந் தேதி. ஏறக்குறைய 19 மாதம்!

டெலிவிஷனிலும் செல்போனிலும் பாடம் நடந்தது. ஆனால், மலையில் பல ஊர்களில் 'சிக்னல்' கிடைக்காது. வீட்டில் ஒரே போன் இருந்தால், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும்.

நின்றது பாடம் மட்டுமா?

சுடச்சுட மதியச் சோறு நின்றது. விளையாட்டுத் தோழர்கள் இல்லை. படிப்பு நின்றால் பையன் கூலிக்குப் போவான். பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு வரும்.

வழி என்ன?

2021 அக்டோபர் 27-ந் தேதி தமிழ்நாட்டு அரசாங்கம் 'இல்லம் தேடிக் கல்வி'யைத் தொடங்கியது. அந்தந்த ஊரில் படித்தவர்களே மாலையில் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக் கொடுத்தார்கள்.

பிள்ளையின் முகம் வாடியிருப்பதைப் போன் கண்டுபிடிக்குமா? பக்கத்து வீட்டு அக்கா கண்டுபிடிப்பாள்!

பெற்றோர்களே! நாளை இன்னொரு நோய் வரலாம். அப்போது தினமும் பிள்ளையோடு உட்கார்ந்து பேசுங்கள். பயத்தைக் கேளுங்கள். பள்ளி திறந்த அன்றே அனுப்புங்கள்.

பெண்ணுக்கு 18 வயதுக்கு முன் கல்யாணம் சட்டப்படி குற்றம். பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1098-க்குப் போன் செய்யுங்கள். காசு இல்லை.