தேரிக்காடும் தும்பாவும், அப்புறம் இந்த "காலி இடமும்"

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மியான நேரமா பாத்து நாலு நாள் லீவு போட்டேன். பாலைவனம் பாக்கணும், ராக்கெட் பாக்கணும். ரெண்டும் அக்கா பையனோட கோரிக்கை. மூணாங்கிளாஸ் படிக்கிறான். தங்கமணி உடனே துபாய்னு ஆரம்பிச்சாங்க. நான் பர்ஸை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, "ரெண்டுமே தெக்கால இருக்கு"ன்னு சொல்லி, அப்பா அம்மா உட்பட மொத்தக் குடும்பத்தையும் தாம்பரத்துல செந்தூர் எக்ஸ்பிரஸ்ல ஏத்திட்டேன்.

திருச்செந்தூர்ல சாமி கும்பிட்டுட்டு வேன் பிடிச்சு குதிரைமொழித் தேரிக்குப் போனோம். கண்ணுக்கெட்டின வரைக்கும் செக்கச்செவேல்னு மணல். மணல்ல இருக்குற இரும்பு ஆக்சைடுதான் அந்த நிறத்துக்குக் காரணம். மேற்குத் தொடர்ச்சி மலையில மழையை இறக்கி வெச்சுட்டு, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியா வறண்டு போய் வர்ற தென்மேற்குக் காத்துதான் இந்த மேடுகளைக் கட்டினதுன்னு சொல்றாங்க.

பையன் மணல்ல உருண்டு சட்டையெல்லாம் சிவப்பாக்கிட்டு, "மாமா, இங்க ஒண்ணுமே இல்லையே!"ன்னான். எனக்கும் முதல்ல அப்படித்தான் தோணிச்சு. ஆனா வேன் ஓட்டுனவர் எங்களை நேரா அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனார். இந்த மணல் காட்டுக்கு நடுவுல சுனை! பெய்யுற மழையை மணல் உறிஞ்சி அடியில சேத்து வெச்சுக்குது. பனையும் முந்திரியும் அதை நம்பித்தான் நிக்குது. உடன்குடி கருப்பட்டிக்கு புவிசார் குறியீடு கிடைச்சதும் இந்தப் பக்கத்துப் பனையாலதான்.

அங்கேர்ந்து நாகர்கோவில் வழியா திருவனந்தபுரம். தும்பா விண்வெளி அருங்காட்சியகம் இருக்குறது ஒரு பழைய தேவாலயத்துக்குள்ள. புனித மரிய மக்தலேனா ஆலயம். காந்த நடுக்கோடு பக்கத்துல போறதால விக்ரம் சாராபாய் இந்த மீனவ கிராமத்தைத் தேர்ந்தெடுத்தார். பிஷப் பீட்டர் பெர்னார்ட் பெரெய்ராகிட்ட பேசி, ஊர் சம்மதிச்சு, சர்ச்சையும் வீடுகளையும் விட்டுக்கொடுத்தாங்க. 1963 நவம்பர் 21 அன்னிக்கு முதல் ராக்கெட், அமெரிக்காவோட நைக்-அப்பாச்சி, இங்கேர்ந்து கிளம்பிச்சு. பையன் ராக்கெட்டை எல்லாம் சுத்திப் பாத்துட்டுக் கேட்டான்: "இங்க இருந்தவங்க எல்லாம் எங்க போனாங்க?"

பக்கத்துல வேற சர்ச் கட்டிக் கொடுத்தாங்கடான்னு சொல்லிட்டேன். ஆனா மனசு தேரிக்குப் போயிடுச்சு. அதே வட்டாரத்துல கடலோரமா குலசேகரப்பட்டினத்துல இஸ்ரோவோட ரெண்டாவது ஏவுதளம் வருது. 2024 பிப்ரவரி 28ல அடிக்கல் நாட்டினாங்க. நிலம் மட்டும் 2,000 ஏக்கருக்கு மேல. எனக்கு இதுல சந்தோஷம்தான், காரணமும் நியாயமானது. ஸ்ரீஹரிகோட்டாலேர்ந்து துருவப் பாதைக்குப் போற ராக்கெட் இலங்கை மேல பறக்காம வளைஞ்சு போகணும். அதுல எரிபொருள் விரயம். எஸ்.எஸ்.எல்.வி. மாதிரி சின்ன ராக்கெட்டுக்கு அது தாங்காது. குலசைலேர்ந்து நேரா தெற்கே விடலாம்.

எனக்கு உறுத்துறது ஒரே ஒரு வார்த்தை. இந்தத் திட்டத்தைப் பத்திப் பேசுற நண்பர்கள்ல பாதிப் பேர் "அங்க என்ன இருக்கு, சும்மா காலி இடம்தானே"ங்கறாங்க. இதைச் சொல்ல தாம்பரம் பக்கத்து ஆளுங்களுக்கு ஒரு தகுதியும் கிடையாது சாமி! பள்ளிக்கரணையையும் ஒரு காலத்துல தரிசுன்னுதான் எழுதி வெச்சாங்க. குப்பை கொட்டினோம், ஐ.டி. ஆபீஸ் கட்டினோம். நான் ஆணி புடுங்குற இடமும் அந்தச் சதுப்புக்கு ஓரத்துலதான். 2022ல ராம்சர் பட்டியல்ல சேர்ந்தப்பதான் மிச்சமிருக்கிறதோட மதிப்பு பல பேருக்குத் தெரிஞ்சது. 2015 டிசம்பர்ல முடிச்சூர் மூழ்கினப்ப நான் காலேஜ். தண்ணி நிக்குற இடத்தையெல்லாம் காலி மனைன்னு வித்தா என்ன ஆகும்னு மொட்டை மாடியில நின்னு பாத்திருக்கேன்.

ராக்கெட் வரட்டும். கூடவே குலசையில பொதுமக்கள் பாக்க ஒரு அரங்கம் கட்டினா, முதல் அறையில ராக்கெட் மாடலுக்கு முன்னாடி தேரியை வைக்கணும். மணல், சுனை, பனையேறி, நிலம் கொடுத்தவங்க, எல்லாரும் அங்க இருக்கணும். தும்பாவுல சர்ச் கட்டடமே நிக்கிறதாலதான் என் பையன் அந்தக் கேள்வியைக் கேட்டான்.

போறவங்களுக்கு: தேரியைக் காலைல எட்டு மணிக்குள்ள முடிச்சிடுங்க, அப்புறம் மணல் பொசுக்கிடும். தும்பாவுக்கு அடையாள அட்டை மறக்காதீங்க. கருப்பட்டி வாங்கினா ரெண்டு கிலோவா வாங்குங்க, எங்க வீட்டுல ரயில் விழுப்புரம் தாண்டறதுக்குள்ளயே ஒரு கிலோ காலி.